நினைவுக் கோப்பையா, நினைவு உதவித்தொகையா?

நம்மை விட்டுப் பிரிந்தவர்களை நினைவில் நிறுத்த நாம் கைக்கொள்ளும் வழிகள் பல. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். வசதியுள்ளோர் பள்ளிக்கு ஓர் அறை கட்டித் தருகின்றனர். சிலர் குடிநீர்த் தொட்டி வைக்கின்றனர். விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு உடனே தோன்றுவது ஒன்றே: பெயர் பொறித்த வெள்ளிக் கோப்பை. அது ஓராண்டு ஒரு வகுப்பில் இருக்கும்; மறு ஆண்டு வேறொரு வகுப்புக்குப் போகும்; பிறகு தலைமை ஆசிரியை அறையின் கண்ணாடி அலமாரியில் மங்கிப்போய் நிற்கும்.

பந்து விளையாட்டில் சிறந்த மாணவி ஒருத்திக்கு, மறைந்த ஒருவர் பெயரால் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க முடியுமா, முடியுமானால் எப்படி என்று பெற்றோர் சிலரும் முன்னாள் மாணவியர் சிலரும் நம்மைக் கேட்டனர். இத்தகைய உதவித்தொகை வெளிநாட்டில் எப்படி நடைபெறுகிறது, நம் நாட்டில் எப்படி, நம் விருதுநகர் மண்ணில் அதற்கு என்ன வேர் உண்டு என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இவ்வழக்கம் மிகவும் பரவியிருப்பது அமெரிக்காவில். அங்கே ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளிகளில் பேஸ்பால் ஆடுகின்றனர். ஒருவர் பந்தை எறிவார். எதிரணியினர் உருண்டை மட்டையால் அதை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வருவார். நம் கிட்டிப்புள்ளையும் கிரிக்கெட்டையும் கலந்தாற்போல் இருக்கும். நம் மாணவியருக்கு இதன் தங்கையான சாப்ட்பால் அதிகப் பழக்கம். அதில் பந்து சற்றுப் பெரிது, எறிவதும் தோளுக்குக் கீழிருந்துதான். இந்த ஆட்டத்தில் ஈடுபட்ட ஒரு மாணவரோ பயிற்சியாளரோ இளமையில் இறந்துவிட்டால், அக்குடும்பத்தார் அழுதுவிட்டு ஓய்ந்து விடுவதில்லை. ஊராரிடம் நிதி திரட்டுவர். அவர் பெயரால் ஒரு போட்டி நடத்தி நன்கொடை சேர்ப்பர். சேர்ந்த தொகையை முதலாக வைத்து, அதன் வருவாயிலிருந்து பள்ளி இறுதியாண்டு முடித்துக் கல்லூரி செல்லும் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் கட்டணத்துக்கு உதவுவர். கல்லூரிச் செலவு அங்கே மிகப் பெரிது என்பதால், உதவியும் அந்த வாசலிலேயே காத்து நிற்கிறது.

ஆட்டக்காரர் நினைவு ஆட்டத்தோடு நின்றுவிடாமல் இருந்ததற்கு ராபர்ட்டோ கிளமெண்டே சிறந்த சான்று. போர்ட்டோ ரிக்கோ தீவில் கரோலினா என்ற ஊரில் 1934இல் பிறந்தவர். பிட்ஸ்பர்க் அணிக்காக 18 பருவங்கள் ஆடி, சரியாக 3,000 வெற்றி அடிகளை எட்டியவர். 1972 டிசம்பர் 23 அன்று நிகரகுவா நாட்டின் மனாகுவா நகரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அங்கே துயருற்றோருக்கு உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு டிசம்பர் 31 இரவு தாமே விமானத்தில் புறப்பட்டார். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. மறு ஆண்டே, சமூகத் தொண்டில் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கும் விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவர் உயிரோடிருந்தபோது விரும்பியது விருதை அன்று. தம் தீவின் ஏழைப் பிள்ளைகள் வந்து விளையாட ஒரு விளையாட்டு நகரம் வேண்டும் என்பதே அவர் கனவு. அவர் மனைவி வேரா அக்கனவை ஏற்றுத் தொடர்ந்தார். விருது பெரியவர்களுக்குப் போயிற்று. திடல் பிள்ளைகளுக்கு வந்தது. இரண்டில் எது அவருக்கு அதிக மகிழ்ச்சி தந்திருக்கும் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டோடு இணைந்த நினைவுச் சின்னம் என்றால் சுப்ரதோ கோப்பையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சுப்ரதோ முகர்ஜி இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி. 1911இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1954இல் படைத் தலைமையை ஏற்றவர். கால்பந்தின் மீது தீராத பற்றுடையவர். சிறந்த ஆட்டக்காரர் வேண்டுமானால் பள்ளியிலேயே தேட வேண்டும் என்ற அவர் எண்ணத்தில் உதித்த அகில இந்தியப் பள்ளிக் கால்பந்துப் போட்டி 1960இல் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், டோக்கியோ நகரில் உணவருந்தும்போது தொண்டையில் உணவு சிக்கி அவர் காலமானார். வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை.

அவர் பெயரால் அமைந்த சங்கம் அப்போட்டியை நடத்துவதோடு, சிறந்து ஆடும் மாணவருக்குக் கல்வி உதவித்தொகையும் வழங்கி வந்திருக்கிறது. கோப்பை பள்ளிக்கு, உதவித்தொகை பிள்ளைக்கு. இந்தப் பிரிவினை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்தப் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பிரிவு ஏற்பட்டது 2012இல்தான். தொடங்கி 52 ஆண்டுகள்! பாட்டியாகிவிட்ட பிறகு பந்தைக் கொடுத்தாற்போல் அன்றோ இருக்கிறது?

இனி நம் ஊருக்கு வருவோம். நினைவு நிதி, அறக்கட்டளை என்றெல்லாம் சொன்னவுடன் ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். விருதுநகர்க்காரர்கள் அப்படி நினைக்கலாகாது. இவ்வூர் விருதுப்பட்டியாக இருந்த காலத்தில், சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியை ஊரார் நடத்தியது பிடி அரிசியைக் கொண்டு. உலையில் அரிசி இடும் முன் இல்லத்தரசியர் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பர். அதைச் சேர்த்து விற்றுப் பள்ளிக்குப் பயன்படுத்துவர். அந்தப் பள்ளியில் படித்தவர்தாம் பெருந்தலைவர் காமராசர்.

பலரும் இக்கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றனர். நாம் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். 1903இல் பிறந்த காமராசர் ஆறு வயதில் தந்தையை இழந்தார். பள்ளி இருந்தது, ஊரார் போட்ட பிடி அரிசி இருந்தது, ஆனாலும் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தம் மாமாவின் துணிக்கடைக்குச் சென்றார். ஏன்? பள்ளிக்கூடத்தின் செலவை ஊர் ஏற்றுக்கொண்டது. வீட்டின் செலவை ஏற்பார் இல்லை. பின்னாளில் அவர் முதலமைச்சரானபோது, பள்ளியைத் திறந்தால் மட்டும் போதாது, பிள்ளையின் வயிற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்று மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பாடம் எங்கே படித்தார் என்பது விளங்குகிறதல்லவா? நாம் அமைக்க எண்ணும் உதவித்தொகைக்கும் இதுவே அளவுகோல். ஒரு மாணவியை ஆடுகளத்திலிருந்து வெளியே இழுப்பது பள்ளிக் கட்டணமா, வேறொன்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் அது பெரும்பாலும் வேறொன்றுதான். மாலை நான்கரைக்குப் பள்ளி விட்டபின் ஆறு மணிவரை பயிற்சி செய்தால், ஊருக்குப் போகும் நகரப் பேருந்து போய்விடும். காலில் காலணி இல்லை. இருக்கும் ஒன்றும் பள்ளிக்குப் போட்டுவரும் செருப்பு. காலையில் குடித்தது நீராகாரம்; மத்தியானம் சத்துணவு; மாலையில் வெறும் வயிறு. அம்மாவும் அப்பாவும் பயர் ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ சென்றுவிட்டால், தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் மூத்த மகளின் பொறுப்பு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கும்போது, வீட்டிலேயே குழாய் சுருட்டவும் ஒரு கை தேவைப்படும். பள்ளிப் போட்டிகள் சூடுபிடிப்பதும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான். வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவாள், அடிபட்டால் யார் கட்டிக்கொள்வார் என்ற பேச்சு வேறு. இதற்கு எந்த உதவித்தொகையும் மருந்தாகாது. அன்னையரே, அதை நீங்கள்தாம் நிறுத்த வேண்டும்!

இப்பகுதியில் வேறொரு துயரமும் உண்டு. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகளை இங்கே அடுக்க விரும்பவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருத்தி நன்றாக ஆடுகிறாள் என்றால், அவள் ஆட்டம் முதலில் பலியாகிவிடும். நஷ்டஈடு வரும்; அது கடனுக்கும் காரியத்துக்கும் போய்விடும். அவளுடைய பந்துக்கென்று யாரும் ஒதுக்கி வைப்பதில்லை.

ஒதுக்கி வைக்க முடியும் என்பதற்கு முன்மாதிரியும் சிவகாசியிலிருந்தே கிடைக்கிறது. இங்குள்ள தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் சிறுவர் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு சிறுவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அது சிறுவர் நலநிதியில் முதலாக இருக்கும். குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தர இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். முதலைத் தொடாமல் அதன் வருமானத்தைக் குடும்பத்துக்குத் தர வேண்டும். பிள்ளை பள்ளிக்குச் செல்லும்வரைதான் அந்த வருமானம். தீர்ப்பின் மற்றப் பகுதிகள் நீளமானவை. நமக்கு இங்கே தேவை அதன் அமைப்பு: முதல் அசையாது, வட்டி நடக்கும், பிள்ளை படிக்கும். நினைவு உதவித்தொகை என்பதும் இவ்வளவே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றதும் முகம் சுளிக்கும் எட்டாம் வகுப்பு மாணவியர் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம். பெற்றோர் தாண்டக் கூடாது.

பழைய பரிசு நிதிகள் ஏன் வாடிப்போயின? 1970களில் ஒருவர் 500 ரூபாயை முதலாகக் கொடுத்து, நூற்றுக்கு ஆறு வட்டி வந்ததென்று கொள்வோம். ஆண்டுக்கு 30 ரூபாய். அன்று அதைக் கொண்டு நல்லதோர் அகராதியும் வேறு சில நூல்களும் வாங்கலாம். இன்று ஒரு நோட்டும் பேனாவும் வாங்கினால் தீர்ந்தது. கொடுத்தவர் மனம் சிறியதன்று. விலைவாசி முதலைத் தின்றுவிட்டது. ஆகவே வட்டி முழுவதையும் செலவிடும் நிதி, பார்வைக்கு அப்படியே இருந்தாலும் உள்ளே கரையான் அரித்துக்கொண்டிருக்கும். ஒரு லட்சம் ரூபாயை நூற்றுக்கு ஏழு வட்டிக்கு வைத்தால் ஆண்டுக்கு 7,000 ரூபாய் வரும். அதில் 5,000 ரூபாயை மட்டும் செலவிட்டு, 2,000 ரூபாயை மீண்டும் முதலோடு சேர்க்க வேண்டும். இதே விகிதத்தைக் கடைப்பிடித்தால் பத்தாண்டில் முதல் ஏறத்தாழ 1,21,900 ரூபாயாகும். பதினோராம் ஆண்டு வரும் மாணவிக்கு 5,000 ரூபாய்க்குப் பதில் சுமார் 6,000 ரூபாய் கிடைக்கும். அதுவும் போதாது. ஆண்டுதோறும் முன்னாள் மாணவியர் ஆளுக்கு நூறு, இருநூறு சேர்த்தால்தான் விலைவாசியோடு நிதியும் நடக்கும். இதுவும் பிடி அரிசிதான். கலயம் மட்டும் வங்கிக்கு மாறியிருக்கிறது.

பணம் யார் பெயரில் இருக்க வேண்டும்? தனியார் ஒருவர் பெயரில் ஒருபோதும் வேண்டாம், அன்புள்ளவராயினும் வேண்டாம். பள்ளியை நடத்தும் சபையின் சங்கமோ பதிவு பெற்ற அறக்கட்டளையோ அதை வைப்புநிதியாக வங்கியில் வைத்து, ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும். நிதியைத் தொடங்கும் நாளிலேயே நோக்கத்தைத் தாளில் எழுதிக் கையொப்பமிடுவது நலம். இருபது ஆண்டுகளுக்குப் பின் தலைமை ஆசிரியை மாறியிருப்பார், கொடுத்தவரும் இருக்கமாட்டார், தாள் இருக்கும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் மனத்தாங்கல்கள் பிறக்கும். அதிகக் கோல் போட்டவளுக்கா, அதிக மதிப்பெண் பெற்றவளுக்கா, அதிக ஏழைக்கா? நம் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். முதற்பரிசு பெற்றவளுக்கு ஏற்கெனவே கைதட்டல் கிடைத்துவிட்டது. அரசின் கண்ணும் அவள்மீது படும். 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் தேர்வுபெற்றால் உணவும் உறைவிடமும் பயிற்சியும் கிடைக்கும். குறுவட்டப் போட்டியில் நன்றாக ஆடி, வருவாய் மாவட்டப் போட்டிக்கு வரமுடியாமல் வீட்டில் நின்றுவிடுபவளே நம் கவலைக்கு உரியவள். இவளைப் பட்டியல் காட்டாது; உடற்கல்வி ஆசிரியைக்குத்தான் தெரியும். எனவே தேர்வுக்குழுவில் அவருக்கு இடம் வேண்டும். அவரோடு வகுப்பாசிரியையும், அவள் வீட்டை நேரில் சென்று பார்த்துவரும் அருட்சகோதரி ஒருவரும் இருந்தால் போதும்.

இப்படி ஒருவர் கண் வைத்ததால் என்ன நேரும்? மதுரைக்கு அருகில் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதை நம் மாணவியர் பலரும் செய்தித்தாளில் படித்ததே. சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர்; கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள் அவரையும் தங்கையையும் வளர்த்தார். பள்ளிப் பருவத்தில் வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அவர் ஓடுவதைக் கண்டு, தயங்கிய பாட்டியிடம் பேசி இணங்கவைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார் ரேவதி. இதில் கோப்பை எங்கே வந்தது? பாட்டியின் சம்மதம், விடுதியில் ஓர் இடம், காலுக்குக் காலணி. எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் செல்லமாட்டாள் என்பதை நாமும் அறிவோம். பத்தாம் வகுப்போடு நிற்க இருந்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாலே அந்த உதவித்தொகை வீண்போகவில்லை எனலாம்.

ஒரு விதியை மட்டும் மறவாமல் சேர்க்க வேண்டும் என்று நிதி தொடங்குவோரை வேண்டிக்கொள்கிறோம். அடிபட்டு ஆட முடியாமற் போனாலும் அந்த ஆண்டுக்குரிய தொகையை நிறுத்தலாகாது. முழங்கால் பிசகியவளிடம் பணத்தையும் பறித்தால், வலியை மறைத்துக்கொண்டு ஆடத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வர். வருகைப்பதிவு குறைந்தால் கேட்கலாம்; காலைக் குறை சொல்லக் கூடாது.

பெயரைப் பற்றியும் சிலர் கேட்டனர். மறைந்தவர் ஆட்டக்காரராக இருந்தால்தான் அவர் பெயரை வைக்க வேண்டுமா? அப்படி ஒன்றும் கட்டாயமில்லை. சிவகாசியில் 1963இல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் தொழில் நடத்தியோர் பெயரைத் தாங்கி நிற்கின்றன, நல்லதே. அதே தொழிலில் குழாய் சுருட்டியும் மருந்து செலுத்தியும் உழைத்து மறைந்த ஒரு தாயின் பெயரால், பந்து எறியும் மகளுக்கு ஓர் உதவித்தொகை இருந்தால் எவ்வளவு பொருத்தமாயிருக்கும்! பெயர் வைக்கக் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். அவர்கள் பணம் தர வேண்டும் என்பதில்லை.

தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பதா என்பது கடைசிக் கேள்வி. ஒரு பகுதியைக் காலணியாகவும் பேருந்துச் செலவாகவும், பயிற்சி நாள்களில் மாலையில் ஓர் அவித்த முட்டையும் சுண்டலுமாகவும் கொடுப்பதே மேல் என்று நாம் எண்ணுகிறோம். மீதியை மாணவி பெயரில் வங்கிக் கணக்கில் போடலாம். ஆண்டு விழா மேடையில் கொடுக்க வேண்டுமென்று மார்ச் மாதம்வரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே பெயரை முடிவுசெய்து பொருளை வாங்கிவிட வேண்டும்; குறுவட்டப் போட்டிகள் அதன்பின் வெகு நாள் காத்திருப்பதில்லை, புதுக் காலணி காலுக்குப் பழகவும் இரண்டு வாரம் பிடிக்கும்.